ட்ரங்க் ராஜாவும் தேன்குரல் அழைப்பும்

என் மனைவிக்குத் தெரியாமல் ஒரு காரியத்தைச் செய்து முடிப்பது என்று போன மழைக்காலத்தில் தீர்மானம் செய்தேன். கல்யாணமான நாளிலிருந்து எத்தனையோ தீர்மானங்கள் செய்திருக்கிறேன். எல்லாமே அவளுடைய ஒப்புதலுக்குப் போய், திருத்தங்களோடு திரும்பி வந்தவை. இது ஒன்றாவது முழுக்க முழுக்க என் சொந்தத் தயாரிப்பாக இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன்.

காரியம் நல்ல காரியம்தான். கடைத்தெருவில் பழைய சாமான் விற்கிறவர் தன் கண்ணாடி அலமாரியில் ஒரு கறுப்புத் தொலைபேசியை வைத்திருந்தார். விரல் விட்டுச் சுழற்றுகிற வட்டு, துணி சுற்றிய கம்பி, தூக்கினால் மணிக்கட்டு வலிக்கிற ரிசீவர். கல்யாண நாளன்று அதைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைக்க வேண்டும். அவள் வாயடைத்து நிற்க வேண்டும். அவள் அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை. வயதாகிவிட்டது, ஒரு முறையாவது பார்த்துவிட வேண்டாமா.

விலையைக் கேட்டு நான்தான் வாயடைத்தேன். இது ஆன்டிக் சார், பழசாக ஆக மதிப்பு கூடும் என்றார் கடைக்காரர். நானும் பழசாகிக்கொண்டுதான் இருக்கிறேன், என்னை யாரும் கண்ணாடி அலமாரியில் வைக்கவில்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். ஓய்வூதியம் எங்கள் இருவர் பெயரிலும் உள்ள வங்கிக் கணக்குக்குப் போகிறது. இருவர் கணக்கு என்றால் என்ன என்று கல்யாணமானவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஏன் தொலைபேசி என்று கேட்பீர்கள். நாங்கள் இருவருமே டெலிபோன் ஆபரேட்டர்கள். அவள் ஒரு ஊரில், நான் ஒரு ஊரில். அந்தக் காலத்தில் வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் ட்ரங்க் கால் பதிவு செய்துவிட்டு வீட்டில் காத்திருக்க வேண்டும். நாங்கள் துளைகள் நிறைந்த இணைப்புப் பலகை முன்னால் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். விளக்கு எரிகிற துளையில் கயிற்றைச் செருகி, அந்த ஊர் ஆபரேட்டரைக் கூப்பிட்டு, லைன் வாங்கி, இரண்டு வீடுகளையும் இணைத்து வைப்போம். நேரம் ஆனதும் குறுக்கே புகுந்து, “மூணு நிமிஷம் ஆச்சு, நீட்டிக்கணுமா?” என்று கேட்போம். அழுகிறவர்கள், சண்டை போடுகிறவர்கள், குழந்தை பிறந்த சேதி சொல்கிறவர்கள், எல்லாரிடமும் ஒரே குரலில் கேட்க வேண்டும். அதற்கே தனியாகப் பயிற்சி கொடுத்தார்கள்.

வேலை நேரத்தில் பெயர் சொல்லக் கூடாது. பலகை எண்தான் பெயர். நான் ஏழாம் போர்டு. அவள் மூணாம் போர்டு. மற்ற ஊர் ஆபரேட்டர்கள் லைன் கேட்கும்போது கடன் கொடுத்தவர்கள் மாதிரி அதட்டுவார்கள். மூணாம் போர்டு மட்டும், “சாப்டீங்களா, ஏழாம் போர்டு?” என்று விசாரித்துவிட்டுத்தான் லைன் கேட்பாள். ஹெட்செட்டுக்குள் யாரோ தேன் ஊற்றின மாதிரி இருக்கும். எங்கள் இரண்டு ஊர்களுக்கும் நடுவில் லைன்கள் குறைவு. கேட்கிறவர்கள் அதிகம். காலியாகிற லைனை நான் யாருக்குக் கொடுத்திருப்பேன் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். ஊருக்கெல்லாம் லைன் போட்டுக் கொடுக்கிறவன் தனக்கென்று ஒரு லைன் அடித்துக்கொண்டான் என்று நண்பர்கள் கேலி செய்தார்கள். அதில் திருத்துவதற்கு ஒன்றும் இல்லை.

ஒரு பயிற்சிக்காக அவள் ஊருக்குப் போனபோதுதான் நேரில் பார்த்தேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வாசலில் காவலாளியிடம் வழி கேட்டுக்கொண்டிருந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. எனக்குப் பின்னால் ஒரு குடை வந்து நின்றது. அதற்குள்ளிருந்து, “சாப்டீங்களா, ஏழாம் போர்டு?” என்று கேட்டது. திரும்பினேன். அத்தனை மாதங்களாக அந்தக் குரலுக்கு நான் ஒரு முகம் வரைந்து வைத்திருந்தேன். அது அந்த நொடியே அழிந்துபோனது. எப்படி இருந்தது என்று இன்றைக்கு யோசித்தாலும் நினைவுக்கு வரவில்லை.

பிறகு எங்கள் வேலையை இயந்திரங்கள் எடுத்துக்கொண்டன. கயிறுகளைச் சுருட்டிப் பெட்டியில் போட்டார்கள், எங்களை வேறு மேசைகளில் போட்டார்கள். ஓய்வு பெற்றபோது துறை எனக்கு ஒரு சுவர்க்கடிகாரமும் மந்தமான காதுகளும் கொடுத்தது. கடிகாரம் நின்றுவிட்டது. காது இன்னும் மந்தமாகவே ஓடுகிறது.

இப்படிப்பட்டவனுக்கு அந்தக் கறுப்புத் தொலைபேசியை விட்டுவிட மனம் வருமா. அப்போதுதான் செல்போனில் ஒரு விளம்பரம் வந்தது. மீசை வைத்த ஒரு ராஜா கையில் சீட்டுக்கட்டோடு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். ரம்மி ஆடுங்கள், வெல்லுங்கள் என்றார். எக்ஸ்சேஞ்ச் ஓய்வறையில் சீட்டாட்டத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு. நல்ல பெயரா என்று கேட்காதீர்கள்.

ஆட்டத்தில் சேருவதற்கு ஒரு பட்டப்பெயர் வைக்கச் சொன்னார்கள். பழைய தொழிலை மறக்கக் கூடாது என்று ‘ட்ரங்க் ராஜா’ என்று வைத்தேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்று முதல் ஆட்டத்திலேயே தெரிந்தது. எதிரில் ஆடினவர், குடித்துவிட்டு ஆட வராதீர்கள் பெரியவரே, குடும்பம் இருக்கிறது என்று எழுதினார். நான் ட்ரங்க் கால் வரலாற்றை அவருக்கு விளக்குவதற்குள் தோற்றுப் போனேன்.

வங்கிப் பக்கம் போகாமல் கைச்செலவுக் காசை மிச்சம் பிடித்து, செல்போன் கடைக்காரரிடம் கொடுத்து ஆட்டக் கணக்கில் ஏற்றச் சொன்னேன். பால்கனியில் காயப்போட்ட படுக்கை விரிப்புகளுக்குப் பின்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஆடினேன். சத்தத்தை அணைத்துவிட்டேன். எதுவும் காதில் விழவில்லை, அதனால் அணைந்துவிட்டது என்று உறுதியாகத் தெரிந்தது. மனைவியிடம் செய்தி படிப்பதாகச் சொன்னேன். அவ்வளவு செய்தியா நடக்கிறது உலகத்தில் என்று அவள் ஒரு நாளும் கேட்கவில்லை. அதை என் சாமர்த்தியம் என்று எடுத்துக்கொண்டேன்.

முதலில் தோற்றேன். அப்புறமும் தோற்றேன். நடுவில் ஒரு நாள் ஒரு பெரிய போட்டியில் சீட்டெல்லாம் தானாக வந்து கையில் உட்கார்ந்தது. ஜெயித்துவிட்டேன். தொலைபேசிக்குப் போதுமான தொகை. அதை வங்கிக்கு அனுப்பச் சொல்லி ஆட்டத்தில் விண்ணப்பம் போட்டேன். பரிசீலனையில் உள்ளது என்றது. மறுநாளும் பரிசீலனையில் இருந்தது. அரசாங்க வேலையில் இருந்தவனுக்குப் பரிசீலனை என்றால் பயம்.

ரம்மி ஆடுகிறவர்களுக்கென்று செல்போனில் ஒரு குழு இருந்தது. முன்பின் தெரியாதவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அதில் என் வெற்றித் தொகையைப் படம் பிடித்துப் போட்டு, இது எப்போது கைக்கு வரும் என்று கேட்டேன். நிறைய கைதட்டல் வந்தது. ஒருவர் தனியாக எழுதினார்: கவலைப்படாதீங்க அண்ணே, கம்பெனியே உங்களைத் தொடர்பு கொள்ளும். எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் காலையில் குறுஞ்செய்தி வந்தது. மதிப்புக்குரிய வெற்றியாளரே என்று ஆரம்பித்தது. எங்கள் வீட்டில் என்னை அப்படி யாரும் கூப்பிட்டதில்லை. அதனால் மேலே படித்தேன். என் பரிசுத் தொகை நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறதாம். மிகவும் அவசரமாம். ஒரு மணி நேரத்துக்குள் கீழே உள்ள இணைப்பைத் தொட்டு விவரங்களைச் சரிபார்க்காவிட்டால் கணக்கு நிரந்தரமாக முடக்கப்படுமாம்.

தொட்டேன். அதே மீசை ராஜா, அதே நிறங்கள், அதே கண்ணடிப்பு. மேலே இருந்த முகவரியில் ஒரு எழுத்து கூடுதலாக இருந்தது என்று பிறகு சொன்னார்கள். வாழ்நாள் முழுக்க எண்களோடு குடித்தனம் நடத்தியவன் நான். எழுத்துகளை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. பட்டப்பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்டது. கொடுத்தேன். உடனே நன்றி சொன்னது. சொல்லி முடிப்பதற்குள் போன் அடித்தது.

“வணக்கம் சார். வாடிக்கையாளர் சேவை மையத்திலிருந்து பேசறேன். இணைப்பில் இருக்கவும்.”

இருந்தேன். ஆயுள் முழுக்க அந்த இணைப்பிலேயே இருந்திருப்பேன். அப்படி ஒரு குரல். சொற்களுக்கு நடுவில் சரியான இடைவெளி. எங்கள் பயிற்சி ஆசிரியர் கேட்டிருந்தால் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பார். எத்தனை வருஷமாகிவிட்டது இப்படி ஒரு குரலைக் கேட்டு. இப்போதெல்லாம் எங்கே கூப்பிட்டாலும் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்கிறார்கள். இந்தப் பெண் என்னை சார் என்றாள். காலை உணவு ஆயிற்றா என்று விசாரித்தாள். நான் உருகிவிட்டேன்.

பரிசுத் தொகை வங்கிக்குப் போக வேண்டுமானால் வங்கி அட்டையின் எண் வேண்டுமாம். பணப்பையைத் திறந்து அட்டையை எடுத்தேன். காது மந்தம் என்பதால் போனை ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தேன். அவள் எதிரே என் தொழில் திறமையைக் காட்டாமல் இருப்பேனா. ஒவ்வொரு எண்ணாக, நிறுத்தி நிதானமாக, பழைய பலகைக் குரலில் படித்தேன். ரொம்பத் தெளிவாகச் சொல்கிறீர்கள் சார் என்றாள். நான் எக்ஸ்சேஞ்சில் ஏழாம் போர்டு என்று சொன்னேன். அப்படியா சார் என்று ஆச்சரியப்பட்டாள். அட்டைக்குப் பின்னால் இருந்த எண்ணையும் கேட்டாள். அதையும் அதே அழகோடு சொன்னேன். சமையலறையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்த என் மனைவியின் முறத்திலிருந்து வந்துகொண்டிருந்த சத்தம் அப்போது நின்றது. அதை நான் கவனிக்கவில்லை.

இப்போது உங்கள் போனுக்கு ஒரு ரகசிய எண் வரும் சார், அதை மட்டும் சொல்லிவிடுங்கள் என்றாள். பார்த்தேன். வரவில்லை. இன்னொரு முறை அனுப்புகிறேன் என்றாள். சமையலறையில், என் காதுக்கே எட்டும்படி உரக்க, ‘டிங்’ என்றது. என் போனில் ஒன்றும் வரவில்லை. மறுபடியும் அனுப்பினாள். மறுபடியும் சமையலறையில் ‘டிங்’. என் மச்சினிக்கு வேறு வேலையே இல்லை, காலையிலேயே அக்காவுக்குப் பூப்படம் அனுப்ப ஆரம்பித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

தேன்குரலில் லேசாகப் புளிப்பு ஏறியது. நன்றாகப் பாருங்கள் சார், நேரம் போகிறது என்றாள். என்னால் அவளுக்குத் தாமதமாகிறதே என்று எனக்கு வெட்கமாகிவிட்டது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, ஜன்னல் ஓரம் போய்ப் போனைத் தூக்கிப் பிடித்தேன். இறக்கிப் பிடித்தேன். அப்போது தோளுக்குப் பக்கத்தில் ஒரு கை வந்தது. அதில் இன்னொரு போன் இருந்தது. திரையில் பட்டாணித் தோல் ஒட்டியிருந்தது. அதற்குப் பக்கத்தில் வங்கியின் செய்தி. ஓர் எண். அதற்குக் கீழே, இந்த எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று எழுதியிருந்தது.

நான் அந்த எண்ணைப் பார்த்ததும் சந்தோஷத்தில் வாயைத் திறந்துவிட்டேன். முதல் எண் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. என் மனைவி இன்னொரு கையால் என் வாயைப் பொத்தினாள். பட்டாணி வாசனை அடித்தது. என் கையிலிருந்த போனை வாங்கிக்கொண்டாள்.

“யாருக்குக் கால்?” என்று கேட்டாள்.

அந்தப் பெண் ஒரு கணம் தயங்கிவிட்டு, சாரிடம் கொடுங்கள் மேடம், அவசரம் என்றாள்.

“சார் லைன் பிஸி. வரிசையில இருக்கீங்க. காத்திருங்க.”

பல வருஷங்களுக்குப் பிறகு அந்தக் குரலைக் கேட்டேன். வீட்டில் இருக்கும் குரல் வேறு. இது மூணாம் போர்டு. இனிமையும் இல்லை, கோபமும் இல்லை. மலை மாதிரி இருந்தது. போனைக் கொண்டுபோய்ப் பட்டாணி முறத்துக்குப் பக்கத்தில் படுக்க வைத்தாள். அதற்குள்ளிருந்து ஹலோ ஹலோ என்று வந்துகொண்டிருந்தது.

என் வங்கி அட்டையை வாங்கித் திருப்பினாள். பின்புறம் அச்சடித்திருந்த வங்கியின் எண்ணைத் தன் போனில் அழைத்தாள். அட்டையை உடனே நிறுத்தி வைக்கச் சொன்னாள். அவர்கள் கேட்ட கேள்விக்கெல்லாம் நிதானமாகப் பதில் சொன்னாள். நிறுத்தியாயிற்று என்று வங்கியில் உறுதி சொன்ன பிறகு, முறத்துப் பக்கம் போய் என் போனை எடுத்தாள்.

“மூணு நிமிஷம் ஆச்சு. நீட்டிக்கணுமா?”

லைன் துண்டானது. நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன்.

அவள் என்னை உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தேன். முறத்தை என் மடியில் வைத்தாள். உரிக்க ஆரம்பித்தேன். இப்போது உங்கள் மீசைக்காரனைத் திறந்து காட்டுங்கள் என்றாள். என் போனில் இருந்த குறுஞ்செய்தியைப் படித்துவிட்டு, அதில் வந்த வழியாக இல்லாமல், எப்போதும் திறக்கிற இடத்தில் திறக்கச் சொன்னாள். திறந்தேன். அங்கே நிறுத்திவைப்பும் இல்லை, அவசரமும் இல்லை. என் பரிசுத் தொகையும் இல்லை. நான் கம்பெனிக்காரியோடு குசலம் விசாரித்துக்கொண்டிருந்த நேரத்தில், அவர்கள் ஆளில் ஒருவன் என் விண்ணப்பத்தை ரத்து செய்துவிட்டு, என் பெயரில் ஒரு மேசையில் உட்கார்ந்து, வேண்டுமென்றே தோற்று, எதிரில் இருந்த கூட்டாளிக்கு எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். நானே கூட அவ்வளவு வேகமாகத் தோற்றதில்லை.

சீட்டில் தோற்பது வேறு. இது கண்ணெதிரே சட்டைப்பையில் கைவிட்டு எடுத்த மாதிரி இருந்தது. அதைவிட, என் கைவிரலால் நானே பையைத் திறந்து காட்டியிருக்கிறேன் என்பதுதான் சுட்டது.

அவள் திட்டவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. கடவுச்சொல்லை மாற்றச் சொன்னாள். அதே சொல்லை வேறு எங்கேயாவது வைத்திருக்கிறீர்களா என்று கேட்டாள். எல்லா இடத்திலும் அதுதான் என்றேன்.

“என்ன வெச்சிருந்தீங்க?”

“சொல்லமாட்டேன்.”

“அந்தப் பொண்ணுக்குத் தெரியும். எனக்குத் தெரியக்கூடாதா?”

பட்டாணியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். “மூணாம் போர்டு.”

நிமிர்ந்து பார்த்தேன். வாயடைத்து நிற்பது என்பது இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது. நான் அதை முழுசாக ரசிப்பதற்குள் அவளுக்குப் பேச்சு வந்துவிட்டது. “உங்க சிநேகிதங்க அத்தனை பேருக்கும் தெரிஞ்ச விஷயம் அது. மாத்துங்க மொதல்ல.”

ரம்மி விஷயம் உனக்கு எப்போது தெரிந்தது என்று கேட்டேன். அவளுக்கு மட்டுமா தெரியும். நான் அணைத்துவிட்டேன் என்று நம்பிய சத்தம் அணையவே இல்லையாம். கேட்காதது என் காதுக்கு மட்டும்தானாம். படுக்கை விரிப்புக்குப் பின்னால் சீட்டுக் கலைக்கிற சத்தம் மாடி முழுக்கக் கேட்குமாம். வாழ்த்துகள் ட்ரங்க் ராஜா என்று அந்த மீசைக்காரன் கத்தும்போதெல்லாம் எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பாராம். குழாய் ரிப்பேருக்கு வந்தவர், சார் பகலிலேயே ஆரம்பித்துவிடுவாரா என்று வருத்தத்தோடு விசாரித்தாராம்.

அப்புறம் ஏன் என்னைத் தடுக்கவில்லை என்றேன். கைச்செலவுக் காசோடு போகிறவரை போகட்டும் என்று விட்டாளாம். வங்கிக் கணக்கில் கை வைத்தால் தனக்கு ‘டிங்’ வரும் என்று தெரியுமாம். கணக்கு ஆரம்பித்த அன்றைக்கு நான் வங்கியில் மின்விசிறிக்குக் கீழே செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். படிவத்தில் போன் நம்பர் கேட்ட இடத்தில் அவள் தன்னுடையதை எழுதிவிட்டாள். இத்தனை வருஷமாக அந்தக் கணக்கின் எஜமானன் நான் என்று எண்ணிக்கொண்டிருந்தவன், அதன் விருந்தாளி என்று தெரிந்துகொண்டேன்.

எதற்காக ஆடினேன் என்று கடைசியில் சொல்லிவிட்டேன். கறுப்புத் தொலைபேசியைப் பற்றிக் கேட்டதும் அவள் முகம் கொஞ்சம் இளகியது. ஆனால், இருக்கிற போனையே ஒழுங்காகப் பேசத் தெரியாதவருக்கு இன்னொன்று எதற்கு என்றாள்.

எனக்கு ஒன்றுதான் ஆறவில்லை. “அந்தக் குரலை எப்படிக் கண்டுபிடிச்ச? அசல் ஆபரேட்டர் குரல் மாதிரியே இருந்துச்சே.”

“அசல் ஆபரேட்டர் எவ அவ்வளவு இனிமையா பேசுவா? நாள் பூரா ஹெட்செட் மாட்டினா தலைவலிதான் வரும், தேன் வராது. நம்மகிட்ட ஏதோ வாங்கணும்னு வர்றவதான் சாப்டாச்சான்னு கேப்பா.”

“நீ கேட்டியே.”

அவள் பட்டாணித் தோல்களை ஒதுக்கினாள். “எங்க எக்ஸ்சேஞ்சுல கால் எல்லாம் தேங்கிக் கெடக்கும். சூப்பர்வைசர் திட்டுவாங்க. ஏழாம் போர்டுகிட்ட ரெண்டு வார்த்தை நல்லா பேசினா ஒடனே லைன் கெடைக்கும்னு சீனியர் அக்கா சொல்லிக்கொடுத்தாங்க.”

எக்ஸ்சேஞ்சில் அப்போதெல்லாம் சில சமயம் மின்சாரம் போய் எல்லா விளக்கும் ஒன்றாக அணையும். அப்படி இருந்தது எனக்கு. நான் இத்தனை காலமாகக் காதல் என்று சட்டம் போட்டு மனதில் மாட்டி வைத்திருந்தது, லைன் கேட்டு வந்த விண்ணப்பம். அந்த மழை, அந்தக் குடை, அந்தத் தேன். முகவரியில் ஒரு எழுத்து கூடுதலாக இருந்திருக்கிறது, அப்போதும் நான் கவனிக்கவில்லை.

என் முகம் எப்படிப் போனதோ தெரியவில்லை. அவள் முறத்தை என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டாள். எழுந்து போகும்போது, திரும்பாமலே சொன்னாள்.

“லைன் கெடைச்சப்புறமும் பேசிட்டே இருந்தேன்ல. அதைக் கணக்குல எடுத்துக்கங்க.”

எடுத்துக்கொண்டேன். அன்றைக்குப் பட்டாணி கொஞ்சம் உப்பாக இருந்தது. மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

மறுநாள் அவளே என்னைக் காவல் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் புகார் எழுத வைத்தாள். வெளியில் தெரிந்தால் மானம் போய்விடும் என்று நான் மன்றாடினேன். நீங்கள் மானத்துக்குப் பயந்து வாயை மூடிக்கொள்வீர்கள் என்றுதான் அவர்கள் உங்களைத் தேர்ந்தெடுத்தார்கள் என்றாள். அவள் சொன்னது சரிதான். நாங்கள் திரும்பி வருவதற்குள் விஷயம் எங்கள் குடியிருப்பு முழுக்கப் பரவியிருந்தது. ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் என்னைத் தனியாக மாடிப்படிக்கு இழுத்துக்கொண்டு போய், தனக்கும் மதிப்புக்குரிய வெற்றியாளரே என்று வந்ததாகவும், மனைவியிடம் சொல்லாமல் உள்ளுக்குள்ளேயே புழுங்கிக்கொண்டிருப்பதாகவும் கிசுகிசுத்தார். அவர் கிசுகிசுத்தது எனக்குக் கேட்கவில்லை. கொஞ்சம் உரக்கச் சொல்லச் சொன்னேன். அவர் மனைவிக்குக் கேட்டுவிட்டது. அவ்விதமாக அந்த வீட்டுப் பிரச்சினையும் தீர்ந்தது.

அந்த வாரக் கடைசியில் குடியிருப்போர் சங்கச் செயலாளர் வீட்டுக்கு வந்தார். இணைய மோசடி பற்றி ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் போடுகிறோம், நீங்கள் அவசியம் மேடையில் உட்கார வேண்டும் சார் என்றார். அனுபவசாலி வேண்டும் என்றார். ஒரு துறையில் வாழ்நாளைக் கழித்ததற்கு இப்போதாவது மரியாதை கிடைக்கிறதே என்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ‘தொலைபேசி: அன்றும் இன்றும்’ என்ற தலைப்பில் பேச்சுத் தயாரித்தேன். பலகைக் காலத்திலிருந்து ஆரம்பித்து, செல்போனில் முடித்திருந்தேன். குளியலறையில் உரக்கப் பேசிப் பார்த்தேன். வெள்ளைச் சட்டைக்கு நானே இஸ்திரி போட்டேன். மனைவியையும் முன் வரிசையில் வந்து உட்காரச் சொன்னேன். சரி என்றாள்.

கூட்டம் மாடி அறையில் நடந்தது. நாற்காலிகள் போதாமல் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள். மேடையில் செயலாளருக்கு ஒன்று, எனக்கு ஒன்று, நடுவில் ஒன்று. நடுவில் இருந்ததில் என் மனைவி வந்து உட்கார்ந்தாள். ஒலிபெருக்கி நேராக அவள் முன்னால் இருந்தது.

அவள் குறிப்பு எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. மூணாம் போர்டு குரலில் பேசினாள். முதலில் புகழ்வார்கள், அப்புறம் பயமுறுத்துவார்கள், அப்புறம் அவசரப்படுத்துவார்கள், இந்த மூன்றும் ஒரே செய்தியில் இருந்தால் கையை எடுத்துவிடுங்கள் என்றாள். அந்தக் காலத்திலேயே அவசரக் கால் என்று சொன்னால் இரண்டு மடங்கு பணம் பிடிப்போம், இப்போது மொத்தமாகவே பிடித்துக்கொள்கிறார்கள் என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். ஜெயித்த பணத்தைப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் காட்டாதீர்கள், முகவரியை ஒவ்வொரு எழுத்தாகப் படியுங்கள், செய்தியில் வரும் வழியாக உள்ளே போகாதீர்கள் என்றாள். ரகசிய எண்ணை எந்தக் கம்பெனியும் எந்த வங்கியும் கேட்காது, கேட்டால் அவன் கம்பெனியும் இல்லை வங்கியும் இல்லை என்றாள். யார் கூப்பிட்டாலும் எதையும் சொல்லாமல் வைத்துவிட்டு, ஏற்கெனவே உங்களிடம் இருக்கிற எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள் என்றாள். கடைசியில் கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, தப்பு நடந்துவிட்டால் வீட்டில் மறைக்காதீர்கள், நீங்கள் மறைக்கிற நேரம்தான் அவர்களுக்கு வருமானம் என்றாள். எதிர்வீட்டுக்காரர் தன் மனைவியைப் பார்த்தார். அந்தம்மா கூரையைப் பார்த்தார்.

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இனி நம் முறை என்று கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து பேச்சை எடுத்து மடிப்பைப் பிரித்தேன். செயலாளர் ஒலிபெருக்கியை என் பக்கம் நகர்த்தாமல் தன் பக்கமே இழுத்துக்கொண்டார்.

“சார், நீங்க பேச வேண்டாம், சும்மா எழுந்து நில்லுங்க. ஏமாந்தவர் எப்படி இருப்பார்னு பின்வரிசைக்குத் தெரியலையாம்.”